வயதுக்கேற்ற எடை: ஓர் அட்டவணையின் குறைகள்

நாட்காட்டியின் பின்புறத்திலோ, குழந்தை வளர்ப்புக் கையேடு ஒன்றின் கடைசிப் பக்கத்திலோ, மருந்துக் கடைச் சுவரிலோ ஓர் அட்டவணையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் வயது, வலப்பக்கம் எடை என்று இரண்டே பத்திகள். பிறக்கும்போது 3 கிலோ, ஐந்தாம் மாதத்தில் 6 கிலோ, ஒரு வயதில் 9 அல்லது 10 கிலோ, இரண்டு வயதில் 12 கிலோ என்று அது சொல்லிக்கொண்டு போகும். அட்டவணை கைவசம் இல்லாதவர்களுக்கு வாய்க்கணக்கும் உண்டு. பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரு மடங்காகும். ஒரு வயதில் மும்மடங்காகும். ஒரு வயதுக்கு மேல் ஆறு வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டினால் எடை கிலோகிராமில் கிடைக்கும்.

இந்த எண்கள் பொய்யானவை அல்ல. ஆனால் மெய்யான எண்ணும் தவறான இடத்தில் வைக்கப்பட்டால் தீங்கு செய்யும். நம் வீடுகளில் இந்த அட்டவணை செய்யும் தீங்கு இரு வகைப்பட்டது. நன்றாக வளரும் குழந்தையைக் காட்டிப் பெற்றோரை அஞ்ச வைக்கிறது. அஞ்ச வேண்டிய குழந்தையைக் காட்டி, கவலை வேண்டாம் என்கிறது. முதலாவதைவிட இரண்டாவது கொடியது.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். ஆயினும் எடை பார்ப்பது என்பது ஓர் அளவீடு. அளவீடு எங்கே நடந்தாலும், அதில் பிழை எவ்வளவு என்று கேட்க இயற்பியல் ஆசிரியனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை என் சொந்த வீட்டில் உரிய நேரத்தில் நான் பயன்படுத்தவில்லை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

வீட்டில் நடந்தது

என் மகளுக்கு ஒரு வயது நிறைந்தபோது ஓரிடத்தில் எடை பார்த்தார்கள். 8.4 கிலோ என்று அட்டையில் குறித்துக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் சளி பிடித்திருந்ததால் வேறோர் இடத்துக்குத் தூக்கிப் போனோம். அங்கே 8.2 கிலோ என்றார்கள். வீட்டுக்கு வந்து அட்டவணையைப் பார்த்தோம். பத்து இருக்க வேண்டிய இடத்தில் எட்டுதான் இருந்தது. அதுவும் ஒரே மாதத்தில் 200 கிராம் குறைந்து!

அன்று முதல் மூன்று வாரங்கள் எங்கள் வீட்டில் ஒவ்வொரு வேளைச் சோறும் ஒரு போராட்டமாயிற்று. ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் வேடிக்கை காட்ட, ஒருவர் வாயைத் திறக்க வைத்து ஊட்டுவோம். குழந்தை உதட்டை இறுக மூடிக்கொள்ளும், அழும், அழுகையோடு விழுங்கிப் புரையேறும். கிண்ணத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலை வந்தது. "பால் பத்தலையோ என்னவோ" என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல, என் மனைவி தான் எங்கே தவறினோம் என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

செய்முறைத் தேர்வில், கருவியின் சுழிப் பிழையைக் குறிக்காத மாணவனுக்கு நான் மதிப்பெண் குறைப்பது வழக்கம். அப்படி ஒருவனுடைய ஏட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: இரண்டு வேறு தராசுகள் காட்டிய எண்களை, இடையில் ஒரு கேள்வியும் கேட்காமல், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தவன் நானே அல்லவா?

தெரு முனை மளிகைக் கடைக்காரரிடம், முத்திரையிட்ட ஐந்து கிலோ எடைக்கல்லைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு இடங்களுக்கும் போனேன். அனுமதி கேட்டு அந்தக் கல்லைத் தராசின் மேல் வைத்தேன். முதல் தராசு 5.2 கிலோ காட்டியது. இரண்டாவது 4.9 காட்டியது. ஐந்து கிலோவில் காட்டும் பிழையையே எட்டு கிலோவிலும் காட்டும் என்று வைத்துக்கொண்டால், என் மகளின் முதல் எடை 8.2, இரண்டாவது எடை 8.3. அவள் 200 கிராம் இளைக்கவில்லை. 100 கிராம் ஏறியிருந்தாள். அந்தத் தராசுகளின் மீச்சிற்றளவே 100 கிராம் என்பதால் அந்த ஏற்றத்தையும் நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் எடை குறைந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மூன்று வாரக் கண்ணீருக்குக் காரணம் இரண்டு தராசுகளுக்கு இடையே இருந்த 300 கிராம் வேறுபாடு.

இனி அட்டவணையின் குறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் குறை: ஒரே ஓர் எண்

ஆரோக்கியமான நூறு குழந்தைகளை எடை வரிசைப்படி நிறுத்தினால், வரிசையின் நடுவில் நிற்கும் குழந்தையின் எடையை இடைநிலை அளவு என்கிறோம். அட்டவணையில் அச்சிடப்படும் எண் ஏறத்தாழ இதுவே. இடைநிலை அளவின் பொருள் என்ன? ஆரோக்கியமான குழந்தைகளில் பாதிப் பேர் அதற்குக் கீழே இருப்பார்கள் என்பதுதான்! ஊரிலுள்ள அத்தனை குழந்தைகளும் இடைநிலைக்கு மேலே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, வகுப்பில் எல்லாரும் முதல் பாதிக்குள் தேறவேண்டும் என்று எதிர்பார்ப்பதைப் போன்றது.

உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வளர்ச்சி நியமங்களின்படி ஒரு வயது ஆண் குழந்தையின் இடைநிலை எடை 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9 கிலோ. இடைநிலைக்கு இருபுறமும் இரண்டு திட்ட விலக்க அளவு தள்ளிக் கோடு போட்டால், ஆண் குழந்தைக்கு 7.7 முதல் 12.0 வரை, பெண் குழந்தைக்கு 7.0 முதல் 11.5 வரை வருகிறது. ஆரோக்கியமான நூறு குழந்தைகளில் சுமார் தொண்ணூற்றைந்து பேர் இந்த எல்லைக்குள் அடங்குவர். எல்லையின் அகலம் நான்கு கிலோவுக்கு மேல்! அதை ஒற்றை எண்ணாகச் சுருக்கி, ஆண் பெண் வேறுபாட்டையும் விட்டுவிட்டு அச்சிட்டால், அதற்குக் கீழுள்ள பாதிப் பேரின் வீடுகளில் கவலை பிறக்காமல் என்ன செய்யும்?

மும்மடங்குக் கணக்கையும் சோதித்துப் பாருங்கள். 3.2 கிலோவில் பிறந்த ஆண் குழந்தைக்கு 9.6 என்று மிகச் சரியாக வருகிறது. ஆனால் 2.5 கிலோவில் பிறந்தவனுக்கு அதே கணக்கு 7.5 என்கிறது. இது கீழ் எல்லையான 7.7-க்கும் கீழே! 4 கிலோவில் பிறந்தவனுக்கு 12 என்கிறது. இது மேல் எல்லை. ஆகவே இந்த வாய்க்கணக்கை நம்பினால் ஒருவனுடைய குறைவு நமக்குத் தெரியாமல் போகும். மற்றவனை வீணாக ஊட்டிப் பருக்க வைப்போம். நடுவில் உள்ளவர்களுக்குப் பொருந்தும் விதி ஓரங்களில் உள்ளவர்களுக்குப் பொருந்தாது. பெரிதாகப் பிறந்த குழந்தை முதல் இரண்டு ஆண்டுகளில் சற்று நிதானிப்பதும், சிறிதாகப் பிறந்தது சற்று விரைந்து ஏறுவதும் இயல்பு. உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புவதைப் பிரான்சிஸ் கால்ட்டன் 1886-இல் எழுதியதை இங்கே நினைவுகொள்ளலாம்.

இரண்டாம் குறை: யாருடைய எண்?

அட்டவணை தன் பிறப்பிடத்தைச் சொல்வதில்லை. எந்தக் குழந்தைகளை அளந்து இந்த எண்ணைப் பெற்றார்கள் என்பது முக்கியமான கேள்வி.

1977-இல் அமெரிக்க தேசிய சுகாதாரப் புள்ளியியல் மையம் ஒரு வளர்ச்சி வரைபடத்தை வெளியிட்டது. பின்னர் உலக சுகாதார நிறுவனம் அதனையே எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. அதில் கைக்குழந்தைகளுக்கான பகுதி ஒஹையோ மாநிலத்தில் யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூர்ப் பகுதியில், 1929 முதல் 1975 வரை அளக்கப்பட்ட குழந்தைகளைக் கொண்டு வரையப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் புட்டிப் பால் குடித்தவர்கள். அளவெடுத்ததும் மூன்று மாதங்களுக்கு ஒரு முறைதான். பிறந்த முதல் சில மாதங்களில்தான் எடை மிக வேகமாக ஏறுகிறது. அந்த வளைவின் வடிவத்தை மூன்று மாதத்துக்கு ஒரு புள்ளி கொண்டு சரியாகப் பிடிக்க முடியுமா?

விளைவு என்ன? தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு எடையில் பின்தங்குவதுபோல அந்த வரைபடம் காட்டியது. உண்மையில் அவர்கள் பின்தங்கவில்லை. புட்டிப்பால் குழந்தைகளோடு ஒப்பிடப்பட்டார்கள். "உன் பால் போதவில்லை" என்ற தீர்ப்பை எத்தனையோ தாய்மார்கள் கேட்க நேர்ந்தது. தேவையில்லாத வயதிலேயே வேறு பாலும் கஞ்சியும் புகுந்தன. கோட்டை வரைந்த முறையில் இருந்த குறை தாயின் உடம்பின் மேல் பழியாக விழுந்தது.

இதைத் திருத்துவதற்காக உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகியவை அந்த நாடுகள். இந்தியாவில் தெற்கு டில்லிக் குழந்தைகள் இடம்பெற்றனர். தாய்ப்பால் பெற்று, புகைபிடிக்காத தாய்மார்களிடம், வறுமையின் தடையில்லாமல் வளர்ந்த குழந்தைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நியமங்கள் 2006-இல் வெளிவந்தன. பிறகு நம் நாட்டு அங்கன்வாடிகளும் அவற்றுக்கு மாறின. பழைய வரைபடம் "குழந்தைகள் இப்படி வளர்ந்தார்கள்" என்று மட்டும் சொன்னது. புதியது "தடையில்லாவிட்டால் குழந்தைகள் இப்படி வளர்வார்கள்" என்று சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

இந்த ஆய்வில் கிடைத்த ஒரு செய்தி நாம் மனத்தில் கொள்ள வேண்டியது. குழந்தைகளின் நீளத்தில் காணப்பட்ட மொத்த மாறுபாட்டில், இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டின் பங்கு சுமார் 3 விழுக்காடுதான். ஒரே இடத்தில் குழந்தைக்குக் குழந்தை உள்ள வேறுபாட்டின் பங்கு சுமார் 70 விழுக்காடு. டில்லிக் குழந்தையும் ஆஸ்லோ குழந்தையும் நல்ல சூழ்நிலையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே வளர்கிறார்கள். ஆகவே, "நம் நாட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் சிறுத்திருக்கும்" என்ற சமாதானம் செல்லாது. அதே சமயம், ஒரே தெருவில் ஒரு குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிடுவதும் செல்லாது.

மூன்றாம் குறை: பிழையைப் பற்றிப் பேச்சே இல்லை

ஆண் குழந்தையின் இடைநிலை எடை பிறப்பில் 3.3 கிலோ, ஒரு வயதில் 9.6, இரண்டு வயதில் 12.2. முதல் ஆண்டில் 6.3 கிலோ ஏறுகிறது. இரண்டாம் ஆண்டில் 2.6 கிலோ மட்டுமே. அதாவது மாதத்துக்குச் சுமார் 200 கிராம். "ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்டது, இப்போது தொடுவதே இல்லை" என்ற முறையீட்டுக்கும் பெரும்பாலும் இதுவே விளக்கம். வளர்ச்சியின் வேகம் பாதிக்கும் கீழாகக் குறையும்போது பசியும் அதற்கேற்ப அடங்குகிறது.

இப்போது 200 கிராமை அளக்க நாம் பயன்படுத்தும் கருவியைப் பாருங்கள். தராசின் மீச்சிற்றளவு 100 கிராம். ஒரு வேளை குடித்த பால் 100 முதல் 150 கிராம். நனைந்த துணியும் கம்பளிச் சட்டையும் இதில் சேரும். குழந்தை காலை உதைக்கும்போது முள் இரு பக்கமும் ஆடும். தொங்கும் வில் தராசைச் சாய்வாகப் பார்த்தால் இடமாறு தோற்றப் பிழையும் உண்டு. ஒவ்வோர் அளவீட்டிலும் 100 கிராம் பிழை என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு அளவீடுகளைக் கழிக்கும்போது பிழைகள் கழிபடுவதில்லை. அவை எதிரெதிர்த் திசையில் அமைந்துவிட்டால் 200 கிராம் வரை போகும். சமவாய்ப்புப் பிழைகள் என்று கொண்டாலும் சுமார் 140 கிராம் வரும். அளக்க வேண்டிய ஏற்றமே 200 கிராம்! ஆகவே ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் ஒரு மாத எடை வேறுபாட்டிலிருந்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது.

தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தாய் மட்டும் ஏறி, இரண்டையும் கழிக்கும் வழக்கம் உண்டு. அரைக் கிலோ கோடுகள் போட்ட வீட்டுத் தராசில் இதைச் செய்தால், பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய விடையைப் பெறுகிறோம். பிழை மட்டும் பெரியதாகவே நின்றுவிடுகிறது. மாத வளர்ச்சியைப் பார்க்க இது உதவாது.

நீளத்திலும் இதே கதைதான். இரண்டு வயது வரை படுக்க வைத்தும், அதன் பிறகு நிற்க வைத்தும் அளக்க வேண்டும். ஒரே குழந்தை படுத்திருக்கும்போது நிற்பதைவிடச் சுமார் 0.7 சென்டிமீட்டர் நீண்டிருக்கும். இது தெரியாமல் முறையை மாற்றினால் குழந்தை "குட்டையாகிவிட்டது" என்று தோன்றும். வயதைக் குறிப்பதிலும் பிழை வரும். ஆறாம் மாதத்தில் ஒரு மாதம் தவறாகக் குறித்தால், இடைநிலை எடையில் 400 கிராம் மாறிவிடும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையை மற்றக் குழந்தைகளோடு ஒப்பிடும்போது அந்த இரண்டு மாதத்தைக் கழித்துத்தான் இரண்டு வயது வரை வயதைக் கணக்கிட வேண்டும்.

நான்காம் குறை: திசை தெரிவதில்லை

ஒரு புள்ளியை மட்டும் கொடுத்து, இந்தப் பொருள் எந்தத் திசையில் போகிறது என்று கேட்டால் இயற்பியல் மாணவன் சிரிப்பான். திசை தெரிய இரண்டு புள்ளிகளாவது வேண்டும். நம்பிக்கையோடு சொல்ல அதற்கு மேலும் வேண்டும்.

என் மகளின் அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பிறப்பில் 2.8, ஆறாம் மாதம் 6.6, ஒன்பதாம் மாதம் 7.6, ஒரு வயதில் திருத்திய எடை 8.2. பெண் குழந்தைகளின் இடைநிலை அளவு முறையே 3.2, 7.3, 8.2, 8.9. வித்தியாசம் 0.4, 0.7, 0.6, 0.7. கோடு எப்போதும் இடைநிலைக்குக் கீழே. ஆனால் அதனோடு சேர்ந்தே ஏறுகிறது. சிறிய குழந்தை தன் பாதையில் ஒழுங்காகச் செல்வதன் அடையாளம் இது.

இப்போது கணக்குக்காக ஓர் ஆண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஒரு வயதில் 9.6 கிலோ. மிகச் சரியாக இடைநிலை! பதினைந்தாம் மாதத்திலும் 9.6. பதினெட்டாம் மாதத்திலும் 9.6. பதினெட்டு மாதத்துக்குக் கீழ் எல்லை 8.8 கிலோ. ஆகவே இந்தக் குழந்தை அங்கன்வாடி வரைபடத்தில் இன்னும் பச்சைப் பகுதியில்தான் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால்தானே மஞ்சள், அதற்கும் கீழே ஆரஞ்சு! யாரும் கவலைப்படவில்லை. ஆனால் ஆறு மாதங்கள் ஒரு குழந்தையின் எடை அசையாமல் நிற்பது சாதாரண விஷயமன்று. அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கோ, மறைந்திருக்கும் நோய்த்தொற்றோ, வேறு நோயோ, போதாத உணவோ காரணமாக இருக்கலாம். என் மகளுக்காக மூன்று வாரம் அழுத அதே வீடு, இந்தப் பையனைப் பார்த்து "கொழுகொழு என்று இருக்கிறான்" என்று மகிழ்ந்திருக்கும்.

தொடர்ந்து அளப்பதன் அருமையை அறிந்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். பிரான்சு நாட்டில் கெனோ தெ மோன்பெயார் என்பவர் தம் மகனின் உயரத்தை 1759 முதல் 1777 வரை சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து குறித்தார். அறிஞர் பூஃபோன் அதைத் தம் நூலில் வெளியிட்டார். ஒரே பிள்ளை, பதினெட்டு ஆண்டுகள்! வளர்ச்சி பற்றிய நூல்களில் அந்தப் பையனின் கோடு இன்றும் இடம்பெறுகிறது. பிரிட்டிஷ் மருத்துவர் டேவிட் மார்லி நைஜீரியாவின் இமெசி-இலே என்ற கிராமத்தில் பணியாற்றியபோது, தாய் தன்னிடமே வைத்துக்கொள்ளும் எடை அட்டையை வளர்த்தெடுத்தார். புள்ளியின் இடத்தைவிடக் கோட்டின் போக்கே முக்கியம் என்பது அந்த அட்டையின் பாடம். நம் மாநிலத்தில் 1980-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் சிறு குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தார்கள். ஏற்கெனவே மிக மெலிந்தவர்களோடு, எடை ஏற்றம் தடைப்பட்டவர்களையும் கண்டுபிடித்துக் குறிப்பிட்ட காலம் துணையுணவு கொடுத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் கிராமங்களில் பயன்பட்ட கோட்டை விட்டுவிட்டு, நாம் மறுபடி ஒற்றைப் புள்ளிக்குத் திரும்பியிருக்கிறோம்.

அட்டவணையும் விளம்பரமும்

ஒற்றை எண் ஏற்படுத்தும் அச்சத்துக்கு மருந்தாக டப்பாக்கள் விற்பனைக்கு வருகின்றன. "இதைக் கொடுத்தோம், ஒரே வருடத்தில் இரண்டு கிலோ ஏறியது" என்று பலர் மனமாரச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நாம் தொடக்கத்தில் பார்த்த வாய்க்கணக்கை நினைத்துப் பாருங்கள்: வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டு. வயது ஒன்று ஏறினால் எடை இரண்டு கிலோ ஏறும் என்றுதானே அதற்குப் பொருள்? டப்பா இல்லாமலே ஏறும் இரண்டு கிலோவை டப்பாவின் கணக்கில் எழுதுகிறோம். டப்பா சாப்பிட்ட குழந்தைகளையும் சாப்பிடாத குழந்தைகளையும் ஒரே சூழ்நிலையில் வைத்து ஒப்பிட்டால்தான் அதன் பங்கு எவ்வளவு என்று தெரியும். இந்த ஒப்பீட்டைக் காட்டாத எந்த விளம்பரமும் ஆதாரம் ஆகாது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

"அப்படியானால் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை.

ஆரோக்கியமான சமுதாயத்தில் இரண்டு திட்ட விலக்கக் கோட்டுக்குக் கீழே ஆயிரத்துக்குச் சுமார் 23 குழந்தைகளே இருப்பார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 32.1 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற எடையில் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தனர். தமிழ்நாட்டில் 22 விழுக்காடு. அதாவது ஆயிரத்துக்கு 23 இருக்க வேண்டிய இடத்தில் 220. வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் தமிழ்நாட்டில் 25 விழுக்காடு. இந்தப் பெருக்கத்துக்குத் தராசின் பிழை காரணமாகாது, பரம்பரையும் காரணமாகாது.

ஒரு மாநிலத்தைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணே அபாய மணி. ஆனால் ஒரு தனிக் குழந்தையைப் பற்றிப் பேசும்போது ஒற்றை எண் தீர்ப்பு ஆகாது. கோட்டுக்கு மேலே உள்ள குழந்தையும் சறுக்கிக்கொண்டிருக்கலாம். கோட்டை ஒட்டிய குழந்தையும் சீராக ஏறிக்கொண்டிருக்கலாம். தேவையற்ற அச்சத்தை நாம் ஒதுக்குவதே, தேவையான அச்சத்துக்கு இடம் கொடுப்பதற்காகத்தான்.

பெற்றோர் செய்யக்கூடியவை

ஒரே தராசில் எடை பாருங்கள். முடிந்தவரை ஒரே நேரத்தில், ஒரே அளவு துணியோடு பாருங்கள். குழந்தையை வைக்கும் முன் முள் அல்லது எண் சுழியில் நிற்கிறதா என்று கவனியுங்கள். ஐயம் எழுந்தால் ஒரு கிலோ உப்புப் பொட்டலங்கள் ஐந்தைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய்ப் பொட்டலத்தை வைத்துவிட்டு ஒரு கிலோ காட்டவில்லை என்று தராசைக் குறை கூறாதீர்கள். அதன் எடை 910 கிராம் என்று அந்தப் பொட்டலத்திலேயே அச்சிட்டிருப்பார்கள்.

ஒவ்வொரு முறையும் எடையைத் தாய் சேய் பாதுகாப்பு அட்டையின் வரைபடத்தில் புள்ளியாகக் குறித்து, முந்திய புள்ளியோடு இணையுங்கள். ஆண், பெண் குழந்தைகளுக்கு வரைபடம் தனித்தனி என்பதை மறக்க வேண்டாம். கோடு பக்கத்திலுள்ள வளைவோடு சேர்ந்து ஏறினால் குழந்தை வளர்கிறது. குழந்தை சுறுசுறுப்பாக விளையாடி, வயதுக்கேற்றபடி நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்டிருந்தால், பக்கத்து வீட்டுக் குழந்தையின் எடை உங்களுக்குத் தேவையில்லை.

ஆனால் அடுத்தடுத்த இரண்டு மூன்று அளவீடுகளில் கோடு படுத்துவிட்டாலோ, கீழ்நோக்கி இறங்கினாலோ, புள்ளி ஆரஞ்சுப் பகுதியில் விழுந்தாலோ, கால் வீக்கம், விடாத காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சோர்வு இவற்றில் ஏதேனும் தோன்றினாலோ தாமதம் செய்யாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அப்போது அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். சில மாதக் குழந்தையாக இருந்தால் இரண்டு மூன்று அளவீடுகளுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். அந்த வயதில் எடை நிற்பதே உடனே காட்ட வேண்டிய செய்தி. பிறந்த முதல் சில நாட்களில் மட்டும் எடை சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் மீள்வது இயல்பானது.

அட்டவணையை அச்சிடுவோருக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு பத்திகளுக்குப் பதிலாக நான்கு பத்திகள் போடுங்கள்: வயது, கீழ் எல்லை, இடைநிலை, மேல் எல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். இடம் போதாதென்றால் அட்டவணையை விட்டுவிட்டு, "முந்திய எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்ற ஒரே வரியை அச்சிடுங்கள். அந்த வரி பல அட்டவணைகளைவிட அதிகம் உதவும்.

மாணவ வாசகர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குழந்தையின் அட்டை இருக்கும். பெரியவர்களிடம் கேட்டு வாங்கி, புள்ளிகள் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எண்கள் மட்டும் இருந்தால் புள்ளியிட்டு இணைத்துக் கொடுங்கள். வரைபடத் தாளில் நீங்கள் எத்தனையோ முறை சாய்வு கண்டுபிடித்திருப்பீர்கள். அந்தப் பயிற்சி ஒரு தாய்க்கு நிம்மதி தரலாம்; அல்லது ஒரு குழந்தையை உரிய நேரத்தில் மருத்துவரிடம் கொண்டுசேர்க்கலாம்.